ஊரும் நாழிகையும் அறியாத மேசை

யாழ்ப்பாணத் தீவகத்தில் கணினியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது முதலில் மின்னிடம்தான் போய் நிற்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின்தொகுப்போடு கம்பியால் இணையாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளே அங்கு விளக்கெரித்து வந்தன. கதிரொளி, காற்று, மின்கலம், டீசல் நான்கையும் கலந்த மின்னமைப்பு ஒன்றை இம்மூன்று தீவுகளிலும் நிறுவுவதற்கான ஒப்பந்தம், இந்திய அரசின் 110 இலட்சம் அமெரிக்க டாலர் கொடையில், 2024 மார்ச் 1ஆம் நாள் கைச்சாத்தாயிற்று. 1,700 கிலோவாட் கதிரொளியும் 530 கிலோவாட் காற்றும் 2,400 கிலோவாட்டு மணி மின்கலச் சேமிப்பும் அதன் திட்ட அளவு. ஊர்காவற்றுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே தரைப்பாதை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அஃதில்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் படகேற வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். காற்று எழுந்தால் படகு இல்லை.

இத்தகைய இடத்தில் பத்துக் கணினிகளில் பத்து விதமாக நிரல் நிறுவி வைப்பது, பத்துப் பழுதுகளுக்குப் பத்து முறை ஆள் அனுப்புவதற்கு முன்கூட்டியே உடன்படுவதாகும். ஆகவேதான் தொலைமேசை என்னும் ஏற்பாடு இங்கு எண்ணத்தக்கது. சாளரங்கள், பட்டியல்கள், எழுதுபுலம் என மேசைத்திரை முழுவதும் ஒரு வழங்கியில் இயங்கும். பயனர் முன்னுள்ள பழைய கணினிக்கு அதன் படம் மட்டும் வந்து சேரும். விசைத்தட்டலும் சுட்டியின் அசைவும் எதிர்வழியே வழங்கிக்குச் செல்லும். இன்று பரவலாக வழங்கும் வி.என்.சி. முறை 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதன் நெறிமுறை 2011இல் ஆர்.எஃப்.சி. 6143 என்னும் ஆவணமாக வரையறுக்கப்பட்டது. நம் ஏற்பாட்டில் அதன் அடியில் கிடப்பது 1984இல் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் தொடங்கிய எக்ஸ் சாளர முறைமை. 2013இல் வெளிவந்த டாக்கர், கொள்கலன்களை எளியோர் கைக்கும் கொண்டுவந்தது. இம்மூன்றும் சேர்ந்தால், ஒரு தீவுப் பள்ளியின் கணினிக்கூடத்தில் ஒரே வழங்கியை வைத்து மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேசையைக் கொடுக்கலாம். உலாவியைத் திறந்தால் மேசை திறக்கும். முன்னுள்ள கணினி செத்துப்போனால் அடுத்ததில் அமர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஏற்பாடு நன்று. ஆயினும் முதல் நாளிலேயே கருந்திரை ஒன்றுதான் பெரும்பாலும் கண்ணில் படும்.

கருந்திரையைக் கண்டவுடன் நிரலில் வழு என்று எண்ணுவது இயல்பு. என் பட்டறிவில் அது அரிது. வழக்கமான கணினியில் இயங்குதளத்தை நிறுவும்போது, எந்த நாடு, எந்த மொழி, எந்த நேரம், எந்த விசைப்பலகை என்று அது நம்மைக் கேட்கிறது. பின்னர் நாம் உள்நுழையும் ஒவ்வொரு முறையும், பயனரின் இல்லக் கோப்புறை எது, தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் எது, நிரல்கள் தம்முள் பேசிக்கொள்ளும் தடம் எது என்று பலவற்றை ஓசையின்றி அமைத்துக் கொடுக்கிறது. கொள்கலனில் நிறுவலும் இல்லை, உள்நுழைவும் இல்லை. இயங்குதளத்தின் கருனியை மட்டும் வழங்கியிடமிருந்து பகிர்ந்துகொண்டு, படிமம் ஒன்றிலிருந்து நேரே எழும் தனியறை அது. கேட்கப்படாத அந்தக் கேள்விகளுக்கெல்லாம் நாமே முன்கூட்டி விடை எழுதி வைக்க வேண்டும். எழுதாது விட்ட விடைகளே வழுக்களாக வந்து நிற்கின்றன.

தொடக்கத்தின் வரிசையை முதலில் காண்போம். கண்முன் இல்லாத திரை ஒன்றை நினைவகத்தில் விரிக்கும் திரைவழங்கி முதலில் எழ வேண்டும். அதன்மேல் மேசை அமர்வு எழும். அமர்வுக்கு முன்னரே, நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் டி-பஸ் என்னும் தடம் திறந்திருக்க வேண்டும். பிறகு வி.என்.சி. வழங்கி 5900ஐ அடுத்த ஒரு துறையில், முதலாம் திரைக்கு 5901இல், காத்திருக்கும். உலாவிக்கு ஏற்ற வடிவில் அதை மாற்றித் தரும் இடைநிரல் பெரும்பாலும் 6080ஆம் துறையில் நிற்கும். இவற்றுள் எது முந்தினாலும் பிந்தினாலும் சங்கிலி அறுந்துவிடும். திரைவழங்கி எழுமுன் மேசை எழுந்தால், திரையைத் திறக்க இயலவில்லை என்று ஒரே வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அது மடியும். உலாவியோ இடைநிரலை அடைந்துவிட்டதால் இணைப்பு ஆயிற்று என்றே காட்டும். நாம் காண்பது வெறுங்கருமை.

இதற்கு மருந்தாகத் தொடக்க நிரலின் நடுவே ‘இரண்டு நொடி உறங்கு’ என்று ஒரு வரியைச் செருகுவோர் பலர். இதை நான் மருந்தாக ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்து மேசையில் விரைந்த வட்டுள்ள கணினியில் இரண்டு நொடி போதும். தீவில் பழைய வட்டோடு பத்துக் கொள்கலன்கள் ஒருசேர எழும்போது இருபது நொடியும் போதாது. காலத்தை எண்ணாமல் நிலையைப் பார்க்க வேண்டும். முதலாம் திரை திறந்ததும் ‘டெம்ப்’ கோப்புறைக்குள், எக்ஸ்11-யுனிக்ஸ் என்னும் மறைவான உட்கோப்புறையில், எக்ஸ்1 என்ற தொடர்புவாய் தோன்றும். அது தோன்றும்வரை பார்த்துக்கொண்டிருந்து, பின் திரையிடம் ஒரு கேள்வி கேட்டு, விடை வந்தபின் மேசையை எழுப்புவதே முறை. குறித்த எல்லைக்குள் தோன்றாவிடில் தொடக்க நிரல் உரக்கச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். பாதி எழுந்த மேசை, எழாத மேசையினும் தீது.

இனி, மின் அறுந்து மீண்ட பின் மட்டும் தலைகாட்டும் ஒரு வழுவுக்கு வருவோம். முதல் நாள் நன்றாக ஓடிய மேசை, நள்ளிரவில் மின்பிறப்பாக்கி நின்று விடியலில் மீண்டதும் எழ மறுக்கிறது. முதலாம் திரை ஏற்கெனவே இயங்குகிறது என்று பதிவேடு சொல்கிறது. எந்தத் திரையும் இயங்கவில்லை என்பது கண்கூடு. திரைவழங்கி பொய் சொல்கிறதா?

சொல்லவில்லை. அதன் கணக்கு பழைய உலகத்துக் கணக்கு. திரைவழங்கி எழும்போது ‘டெம்ப்’ கோப்புறையில் ஒரு பூட்டுக்கோப்பை எழுதுகிறது. அக்கோப்பில் இருப்பது பதினொரு பைட்டுகள் மட்டுமே: தன் இயங்குநிரல் எண், பத்து இடங்களுக்குள் வலப்புறம் ஒதுக்கி எழுதியது, பின் ஒரு வரிமுடிவு. முறையாக நின்றால் அக்கோப்பை அழித்துவிட்டுப் போகும். மின் அறுந்தால் அழிக்க நேரமேது? மறுமுறை எழும் திரைவழங்கி பூட்டைக் கண்டதும் அதிலுள்ள எண்ணை எடுத்துக் கருனியிடம், ‘இந்த எண்ணுடைய நிரல் உயிரோடுள்ளதா?’ என்று கேட்கிறது. இல்லை என்று விடை வந்தால் பழைய பூட்டைத் தானே நீக்கிவிட்டு மேலே செல்லும். இவ்வளவும் நல்ல ஏற்பாடே. முழுக் கணினியில் எண்கள் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் பழைய எண் இன்னொரு நிரலுக்கு வாய்ப்பது அரிது. கொள்கலனுக்குள்ளோ எண்கள் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. உள்ளே எழுவன மொத்தமே இருபது முப்பது நிரல்கள். நேற்றுத் திரைவழங்கிக்கு 14ஆம் எண் வாய்த்தது என்க. இன்று ஏதோ ஒரு சிறு நிரல் முந்திக்கொண்டதால் 14 என்பது டி-பஸ்ஸின் எண்ணாகிறது. 14 உயிரோடுள்ளதா என்று திரைவழங்கி கேட்க, உள்ளது என்று கருனி மெய்யாகவே சொல்ல, திரைவழங்கி பின்வாங்குகிறது. இருவரும் உண்மையே பேசினர். மேசை மட்டும் எழவில்லை.

சில நாள் எழுந்தும் சில நாள் எழாமலும் இவ்வழு விளையாடுவது இதனாலேயே. எண் பொருந்திய நாளில் சிக்கும், பொருந்தாத நாளில் சிக்காது. கொள்கலனை நீக்கிவிட்டுப் படிமத்திலிருந்து புதிதாக ஆக்கினால் வழு மறைவதும் இதனாலேயே, ஏனெனில் படிமத்தின்மேல் கொள்கலன் எழுதும் அடுக்கோடு பூட்டும் போய்விடுகிறது. மறு இயக்கம் அதே அடுக்கைத் தக்கவைத்துக்கொள்கிறது. தீர்வு எளிது. ‘டெம்ப்’ கோப்புறையை வட்டில் வைக்காமல் நினைவகத்தில் ஏற்றினால் ஒவ்வொரு எழுச்சியிலும் அது வெறுமையாகவே இருக்கும். அல்லது, தொடக்க நிரலின் முதல் வரியிலேயே பூட்டையும் தொடர்புவாயையும் நீக்கிவிடலாம். பலர் கூடி வாழும் கணினியில் அவ்வாறு கேளாமல் பூட்டுடைப்பது குற்றம். கொள்கலனில் குடியிருப்பது ஒரே மேசை, ஆகையால் கேடில்லை.

மின் அறாத இடத்திலும் இப்பூட்டு எஞ்சுவதுண்டு. டாக்கரிடம் நிறுத்தச் சொன்னால், கொள்கலனின் முதலாம் எண் நிரலுக்கு முடித்துக்கொள் என்னும் குறிப்பை அனுப்பி, பத்து நொடி பொறுத்து, பின் கொன்றுவிடும். அந்த முதலாம் எண்ணில் அமர்ந்திருப்பது பெரும்பாலும் நாம் எழுதிய தொடக்க நிரல். அது குறிப்பைப் பிள்ளைகளுக்குக் கடத்துவதில்லை. மேசையும் திரைவழங்கியும் ஒன்றுமறியாமல் பத்தாவது நொடியில் மடிகின்றன. தொடக்க நிரலின் இறுதி வரியில், தான் விலகித் தன்னிடத்தை உரிய நிரலுக்கு விட்டுக்கொடுக்கும் கட்டளையை எழுதலாம். அல்லது குறிப்புகளைக் கடத்துவதற்கென்றே உள்ள சிறு காவல்நிரலை முதலாம் எண்ணில் அமர்த்தலாம். நிறுத்தும்போது ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து நொடி பிடிக்கிறதென்றால் இவ்வழு உங்களிடம் உண்டு என்று கொள்க. வேறு ஆய்வு வேண்டா.

வரிசைக்கு அடுத்தது சூழல். 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு நிரலும் தன்னை எழுப்பிய நிரலிடமிருந்து ‘பெயர் = பொருள்’ என்னும் வடிவிலான ஒரு பட்டியலைப் பெற்றுக்கொள்கிறது. அதிலுள்ளவையே சூழல்மாறிகள். எழும் கணத்தில் ஒரு படி எடுத்துத் தரப்படும், அவ்வளவே. பின்னர் தாய் தன் பட்டியலைத் திருத்தினாலும் பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை திருத்தினால் தாய்க்குத் தெரியவே தெரியாது. தொலைமேசையின் சூழல் வழுக்கள் அனைத்தும் இந்த ஒரே விதியின் விளைவுகள். முனையத்தைத் திறந்து அங்கிருந்து எழுப்பினால் நிரல் தமிழில் வருகிறது, பட்டியலைச் சொடுக்கி எழுப்பினால் ஆங்கிலத்தில் வருகிறது என்பர். முனையம் எழும்போது பயனரின் ‘பாஷ்’ அமைவுக் கோப்பைப் படிக்கிறது. பட்டியலை எழுப்பிய மேசை அதைப் படிக்கவே இல்லை. மாறியைப் படிமத்திலேயே எழுதுவதும், அமர்வைத் தொடங்கும் கோப்பில் மேசைக்கு முன் எழுதுவதும் தீர்வுகள். அமைவுக் கோப்பில் மீண்டும் மீண்டும் எழுதிப் பார்ப்பது வீண்.

நோய் காண்பதிலும் ஒரு பொறி உண்டு. ஓடும் கொள்கலனுக்குள் புதிய கட்டளை ஒன்றைச் செலுத்திச் சூழலை அச்சிட்டுப் பார்ப்பது எல்லாரும் செய்வது. அவ்வாறு செலுத்திய கட்டளை மேசையின் பிள்ளை அன்று. படிமத்தில் எழுதியவையும் கொள்கலனை ஆக்கும்போது கொடுத்தவையும் மட்டுமே அதற்குக் கிடைக்கும், தொடக்க நிரல் இடைவழியில் ஏற்றியவை கிடைக்கா. அதில் இருக்கிறதே என்று மேசையை நம்புவதும், இல்லையே என்று தொடக்க நிரலைப் பழிப்பதும் ஒருபோலப் பிழை. மேசை நிரலின் எண்ணைக் கண்டறிந்து, ‘புரொக்’ கோப்புறையில் அவ்வெண்ணின் கீழுள்ள ‘என்வைரன்’ கோப்பைத் திறக்க வேண்டும். அது எழுந்தபோது கையில் வாங்கிய பட்டியல் முழுவதும் அங்கே உள்ளது. வரிகளுக்கிடையே வரிமுடிவு இல்லாமல் சுழிய பைட்டு நிற்கும், ஆதலால் அதை வரிமுடிவாக மாற்றிப் படிக்க வேண்டும். தீவில் கணினியருகே நிற்கும் ஆசிரியரிடம் தொலைபேசியில் கேட்டுப் பெற வேண்டியது இக்கோப்பையே. திரையில் என்ன தெரிகிறது என்ற வண்ணனை வேண்டியதில்லை.

இப்பட்டியலைப் படிக்கும்போது முதலில் இல்லக் கோப்புறையைப் பாருங்கள். பல நிரல்களை ஒருசேர மேய்க்கும் ‘சூப்பர்வைசர்’ ஒரு நிரலைப் பயனரின் பெயரில் எழுப்பும். ஆனால் இல்லத்தின் பெயரை மாற்றாது. பயனர் மாணவர், இல்லமோ ஆட்சியருடையது. மேசை தன் அமைவுகளை எழுதப் போய் மறுக்கப்பட்டு, ஓசையின்றி மடியும். அடுத்து, இயக்கக்காலக் கோப்புறை. முழுக் கணினியில் உள்நுழைவு முறைமை அதை ஆக்கித் தரும். இங்கே நாமே ஆக்கி, பயனருக்கு உரிமையாக்கி, மாறியில் குறிக்க வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் சூழல்மாறியில் வைக்காதீர்கள். கொள்கலனை ஆராயும் உரிமையுள்ள எவரும் அதை ஒரே கட்டளையில் படித்துவிடுவர். வி.என்.சி.யின் பழைய கடவுச்சொல் முறையோ முதல் எட்டு எழுத்துகளுக்குமேல் பார்ப்பதே இல்லை, ஆதலின் அத்துறையை வெளிவலைக்குத் திறந்து வைப்பதே தகாது.

நேரம் என்ற ஒன்றுக்கு வருகையில் இந்நாட்டின் கதை தனித்தது. நேர வலயம் சொல்லப்படாத கொள்கலன் உலகப் பொதுநேரத்தில் வாழும். நயினாதீவில் விடியற்காலை 4.40க்குக் கரைசேர்ந்த மீனைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் ஒருவர் பதிகிறார் என்று கொள்வோம். கொள்கலனுக்குள் அப்போது இரவு 11.10. தேதியோ முந்தைய நாள். ஐந்தரை மணிக்கு முன் பதியும் ஒவ்வொரு வரியும் நேற்றைய கணக்கில் ஏறும். தொகை பொருந்தாது, நிரலைக் குறை சொல்வர்.

திருத்தப் புகுவோர் நேர மாறியில் ‘ஆசியா/கொழும்பு’ என்று எழுதுவர். உபுண்டுவின் அடிப்படைப் படிமத்தில் நேர வலயத் தரவுகள் இல்லை. தரவு இல்லாத இடத்தில் இப்பெயரைக் கண்ட சி-நூலகம் பிழை சொல்வதில்லை. பெயரின் முற்பகுதியான ‘ஆசியா’வை ஒரு வலயத்தின் சுருக்கப்பெயராகக் கொண்டு, வேறுபாடு சுழியம் என்று முடிவுகட்டி, உலகப் பொதுநேரத்தையே அச்சிட்டு, அதன் பின்னே ‘ஆசியா’ என்று எழுதிவிடும். தேதியைக் கேட்டதும் அச்சொல் வந்தால் தரவுத்தொகுதி உள்ளே இல்லை என்று உணர்க. வேறு சிலர் பெயர் வேண்டா என்று உலகநேரம் கூட்டல் 5.30 எனக் குறிப்பர். இம்மாறியின் பழைய மரபில் கூட்டற்குறி மேற்கைக் குறிக்கும். கடிகாரம் ஐந்தரை மணி முன்செல்வதற்கு மாறாகப் பின்செல்ல, பிழை பதினொரு மணி நேரமாகிவிடும். தரவுத்தொகுதியைப் படிமத்தில் நிறுவப் புகுந்தாலும் ஒரு தடை காத்திருக்கிறது. எந்தக் கண்டம், எந்த நகரம் என்று அது கேட்டுவிட்டு விடைக்காக நிற்கும். படிமம் ஆக்கும்போது விடை சொல்ல எவருமில்லை. கேளாமல் நிறுவு என்ற குறிப்பை அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் கொடுத்து, நகரத்தை முன்னரே எழுதி வைக்க வேண்டும்.

நகரத்தின் பெயரையே எழுத வேண்டும், வெறும் ஐந்தரை மணி போதாது என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று. உலகின் கணினிகள் பல நம்பும் நேர வலயத் தரவில் கொழும்புக்குரிய வரிகள் சுவையானவை. 1880 முதல் 1906 வரை மொறட்டுவை இடைநேரம், 5 மணி 19 நிமிடம் 32 நொடி. பின் ஐந்தரை. இரண்டாம் உலகப் போரில் 1942 சனவரி 5இல் அரை மணி முன்தள்ளி, அதே ஆண்டு செப்தெம்பரில் இன்னோர் அரை மணி தள்ளி, 1945 அக்டோபரில் மீண்டது. 1996 மே 25இல் மின்பற்றாக்குறையால் ஒரே அடியாக ஒரு மணி முன்தள்ளி ஆறரையாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 26இல் ஆறானது. 2006 ஏப்பிரல் 15இல் மீண்டும் ஐந்தரை. ஆக, 2001இல் ஊர்காவற்றுறையில் நண்பகல் 12.00க்கு நிகழ்ந்த பிறப்பொன்று உலகநேரத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், நிலையான ஐந்தரையில் ஓடும் மேசை அதை 11.30 என்றே காட்டும். சாதகம் கணிப்போர்க்கு அரை மணி சிறிதன்று. ஓர் இலக்கினமே ஏறத்தாழ இரண்டு மணி நேரந்தான்.

தரவுத்தொகுதியாலும் தீராத ஒன்று உண்டு. 1996இன் மாற்றத்தைத் தமிழீழ விடுதலைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்களின் ஆட்சிப்பகுதியில் கடிகாரம் ஐந்தரையிலேயே நின்றது. தீவகம் அரசின் நேரத்தில், புலிகளின் பகுதி பழைய நேரத்தில் எனப் பத்தாண்டுகள் கழிந்தன. தரவில் இலங்கைக்கு உள்ள வலயம் ஒன்றே. 2003ஆம் ஆண்டுக் கிளிநொச்சி ஆவணத்தைக் கணினியில் ஏற்றுவோர் எந்த மாறியையும் நம்பாமல், ஆவணத்தின் இடத்தைப் பார்த்துக் கையால் குறிக்க வேண்டும்.

மொழியமைவும் நேரத்தின் வழியிலேயே ஏமாற்றும். மொழி மாறியில் இலங்கைத் தமிழ் என்று எழுதினால் மட்டும் போதாது. அம்மொழியமைவு கொள்கலனுக்குள் ஆக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் நிரல்கள் பழைய ஆங்கில அமைவுக்கே சாய்ந்துகொள்ளும், பெரும்பாலும் ஒரு சொல்லும் சொல்லாமல். அப்போது ‘நயினாதீவு’ என்று பெயரிட்ட கோப்பு ஒன்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியில் ஒன்பது குறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக இருபத்தேழு. பட்டியலில் அவ்விருபத்தேழும் எட்டடி எண்களாகப் பின்சாய்கோடு முன்னிட்டு வரிசையில் நிற்கும். 340, 256, 250 என்னும் முதல் மூன்றும் ‘ந’கரம். கோப்பு கெடவில்லை, கண்ணாடிதான் மாறியிருக்கிறது. மாணவரோ கோப்பு கெட்டதென்று அழித்துவிடுவர். தமிழ் இடைமுகம் தேவையில்லாத இடத்தில், ‘சி’ அமைவின் ஒருங்குறி வடிவத்தையேனும் குறித்துவிட வேண்டும். 2022இல் வெளிவந்த குனூ சி-நூலகத்தின் 2.35ஆம் பதிப்பிலிருந்து அது நூலகத்தோடே வருகிறது.

எழுத்துரு இல்லாவிடில் தமிழ் எழுத்துகளின் இடத்தில் வெறும் கட்டங்கள் தோன்றும். இது கண்ணுக்குத் தெரியும் வழு, ஆகவே விரைவில் தீரும். லோகித் தமிழையோ நோட்டோ தமிழையோ படிமத்தில் சேர்த்தால் முடிந்தது. பாமினியில் தட்டிய பழைய ஆவணங்கள் வேறு வகை. அவற்றில் உள்ளவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு இல்லாத மேசையில் கட்டங்களும் வாரா, பொருளற்ற ஆங்கிலக் கோவை வரும். யாழ்ப்பாணத்தில் அத்தகைய ஆவணங்கள் எத்தனை என்று யார் எண்ணுவது!

விசைப்பலகையில் ஒன்றை மட்டும் சொல்வேன். எக்ஸ் முறைமையில் இலங்கைக்குரிய அமைவின் பெயரை மட்டும் எழுதினால் வருவது சிங்களம். தமிழ் வேண்டுமெனில் அதன் உட்பிரிவையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால் கிடைப்பது தமிழ்நெட் 99 அமைப்பு. மேலும், வி.என்.சி. அனுப்புவது எந்த விசை அழுந்தியது என்பதையன்று, அவ்விசை தந்த குறியீட்டை. ஆகவே பயனரின் கணினியிலும் தமிழ், மேசையிலும் தமிழ் என்று வைத்தால் இரண்டு மாற்றங்கள் மோதும். ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மேசைப் பக்கத்தில் வைப்பதே நன்று, அங்கு அமைவு எல்லாருக்கும் ஒன்றாயிருக்கும்.

எஞ்சியவற்றை விரைந்து சொல்லிவிடலாம். உலாவி திறந்தவுடன் வெடித்து மடிந்தால் பகிர்நினைவகத்தைப் பாருங்கள். டாக்கர் இயல்பாகத் தருவது 64 மெகாபைட்டு, உலாவிக்கு அது போதாது. தொடக்க நிரல் கண்முன் இருந்தும் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொன்னால், விண்டோஸ் கணினியில் திருத்திய கோப்பின் முதல் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கிறது.

இத்தனை வழுக்களிலும் சத்தம் போடும் வழுவே நல்ல வழு. திரை இல்லையென்றால் நிரல் கத்துகிறது, நாம் திருத்துகிறோம். நேர வலயமும் மொழியமைவும் கத்துவதில்லை. பொய்யான விடையை மெய்போல் தந்துவிட்டு வேலையைத் தொடர்கின்றன. ஆகவே தொடக்க நிரலில் நான் சேர்க்கச் சொல்வது சில வரிச் சோதனைகள். நேரத்தைக் கேட்டு உலகநேரத்தோடு ஒப்பிடு. வேறுபாடு ஐந்தரை மணி இல்லையேல் நில். ஒரு தமிழ்ப் பெயரில் கோப்பெழுதிப் பட்டியலிட்டுப் பார். தமிழுக்கு உரிய எழுத்துரு உண்டா என்று கேள். இவற்றுள் ஒன்று தவறினாலும் மேசையை எழுப்பாமல், தவறியது எது என்று உலாவியிலேயே தமிழில் காட்டு. கணினியருகே நிற்கும் ஆசிரியர் அந்த ஒரு வரியைத் தொலைபேசியில் படித்துச் சொன்னால் மறுகரையில் உள்ளவருக்கு வேலை பாதி முடிந்தது.

தீவுக்கு அனுப்புமுன் யாழ்ப்பாணத்திலேயே செய்ய வேண்டியவை சில உள்ளன. கொள்கலனை முறையாக நிறுத்தாமல் வழங்கியின் மின்செருகியைப் பிடுங்கி, மீண்டும் செருகி, மேசை எழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை போதாது, இயங்குநிரல் எண்கள் வெவ்வேறாகப் பொருந்தும்படி பல முறை செய்க. வெறுமையான இல்லக் கோப்புறையோடு ஒரு முறையும், நேற்றைய கோப்புகள் நிறைந்த இல்லத்தோடு ஒரு முறையும் எழுப்புக. வலைக்கம்பியைக் கழற்றிவிட்டும் எழுப்புக. எழும் நேரத்தில் எதையேனும் வலையிலிருந்து இறக்க முயலும் தொடக்க நிரல் அப்போது சிக்கிக்கொள்ளும். அந்த வரியைப் படிமம் ஆக்கும் கட்டத்துக்கே நகர்த்திவிட வேண்டும்.

இச்சோதனைகளில் தேறிய படிமத்தை வலைவழியே இறக்கச் சொல்லித் தீவின் இணைப்பைத் திணறடிக்க வேண்டியதில்லை. டாக்கர் அதை ஒரே கோப்பாகக் கட்டித் தரும். கைவட்டில் ஏற்றிக் குறிகட்டுவானில் படகேறலாம். புறப்படுமுன் அக்கோப்பின் 256 பிட்டுச் சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தாளில் எழுதிக்கொள்க. பதினாறடி முறையில் அறுபத்து நான்கு இலக்கம் வரும். நெடுந்தீவில் வட்டைச் செருகியதும் மீண்டும் கணித்து, இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் ஏற்றுக.